இரண்டு சீட்டு

கக்கன் நினைவு நாளான டிசம்பர் 23 வந்தால் போதும், நம் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்துவிடும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, பொது வார்டு, கவனிப்பாரில்லாமல் கிடக்கும் முன்னாள் மந்திரி. அங்கே சேர்க்கப்பட்டிருந்த கட்சிக்காரர் மதுரை முத்துவைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர். யாரோ சொல்லக் கேட்டு, போய்ப் பார்த்துப் பதறுகிறார். கீழே முப்பது நாற்பது கும்பிடும் கைகள். நானும் ஒன்று போடுவேன். போட்ட பிறகு ஒரு எரிச்சல் வரும்.

எரிச்சல் கக்கன் மேல் இல்லை. மேலூர்ப் பக்கம் அவர் ஊரான தும்பைப்பட்டி நம் பள்ளியிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். அந்த ஊரிலிருந்து போய் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தவர், ஐந்து வருஷம் எம்.பி., பத்து வருஷம் எம்.எல்.ஏ., அந்தப் பத்து வருஷமும் மந்திரி. அத்தனையையும் விட்டுவிட்டு ஓர் ஆஸ்பத்திரிக் காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு வருஷா வருஷம் அழுகிறோமே என்றுதான். மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் மூன்றாவது தடவை போன் செய்தபோது, சரி, இதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அவரைப் பார்த்ததில்லை. நான் 1977 எஸ்.எஸ்.எல்.சி. செட். விவரம் தெரிந்த வயதில் அவர் பதவியெல்லாம் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. கக்கனை எனக்குக் காட்டியவர் நம் வரலாற்று வாத்தியார். வெற்றிலைச் செல்லத்தை மேசை டிராயருக்குள் ஒளித்து வைத்துவிட்டு வருகைப் பதிவு எடுப்பாரே, அவர்தான்.

ஒன்பதாம் வகுப்பில் குடிமையியல் பாடம். 'சட்டமன்றம்' என்று தலைப்பு எழுதினார். புத்தகத்தை மூடிவிட்டு, "உங்க வீட்டுல 57 எலெக்‌ஷன்ல ஓட்டுப் போட்டவங்க யாராவது இருந்தா கேட்டுட்டு வாங்கடா, ஒரு ஆளுக்கு எத்தனை ஓட்டு?" என்றார். ஆளுக்கு ஒரு ஓட்டுத்தானே, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நாங்கள் சிரித்தோம். அவர் கரும்பலகையில் வரிசையாகப் பெட்டிகள் வரைந்தார்.

அந்தப் படம் இன்னும் மனதில் இருக்கிறது. அப்போது மேலூர் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதிக்கு இரண்டு எம்.எல்.ஏ., அதில் ஒரு இடம் தாழ்த்தப்பட்டோருக்கு. ஓட்டுச் சீட்டில் முத்திரை குத்துகிற பழக்கம் அப்போது வரவில்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். உள்ளே போகிற ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு கொடுப்பார்கள். இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட்டால் ஒன்றுதான் செல்லும். ஒரே கட்சி இரண்டு பேரை நிறுத்தியிருந்தால், பிரித்துக் காட்ட ஒரு பெட்டியில் சின்னத்தைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும். காங்கிரஸுக்குப் பூட்டிய இரட்டைக் காளை. வட்டம் போட்ட காளை, வட்டம் போடாத காளை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி இருட்டு மறைப்புக்குள் நின்று இதையெல்லாம் யோசித்திருக்க வேண்டும்.

எண்ணுகிற முறைதான் இன்னும் வேடிக்கை. ரிசர்வ் இடத்துக்கு நின்றவர்களில் அதிக ஓட்டு வாங்கியவரை முதலில் ஜெயித்தவராக அறிவித்துவிடுவார்கள். பிறகு மிச்சம் இருக்கிற எல்லாரிலும் யார் அதிகமோ அவருக்கு இரண்டாவது இடம். அந்த மிச்சத்தில் இன்னொரு தாழ்த்தப்பட்ட வேட்பாளரோ பழங்குடி வேட்பாளரோ முன்னால் நின்றால் அவருக்கும் உண்டு. ஆந்திராவில் பார்வதிபுரம் நாடாளுமன்றத் தொகுதியில் 1957-இல் அப்படியே நடந்து, வி.வி. கிரி தோற்றுப்போனார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கிரி அங்கேயும் தோற்றார். 1961-இல் சட்டம் போட்டு இரட்டைத் தொகுதியையே எடுத்துவிட்டார்கள். "பெரிய மனுஷனுக்கு அடி விழுந்தாத்தாண்டா சட்டம் மாறும்" என்று வாத்தியார் சாக்பீஸை வைத்தார்.

மேலூரில் அந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. பெரியகருப்பன் அம்பலமும் கக்கனும் ஜெயித்தார்கள், இருவரும் காங்கிரஸ். அம்பலம் என்றால் நம் பக்கத்தில் ஊர்த் தலைமை, இதைப் படிக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கக்கனின் அப்பா கிராமத்துக் கோயில் பூசாரி, குடியிருப்பு சேரி. அந்த இரண்டு பேரும் ஒரே தொகுதிக்கு எம்.எல்.ஏ. அப்போது அது எப்படி இருந்திருக்கும் என்று வயது ஏற ஏறத்தான் யோசிக்கத் தோன்றுகிறது.

அவர் எங்கிருந்தோ வந்து ரிசர்வ் சீட்டில் உட்கார்ந்த ஆள் இல்லை. 1939 ஜூலை 8-ஆம் தேதி காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனவர்களில் ஒருவர். மேலூர் வட்டாரத்தில் இரவுப் பள்ளி நடத்தியவர். 1942-இல் நம் மேலூர் போலீஸ் ஸ்டேஷனில் கசையடி வாங்கி, அலிப்புரம் சிறைக்குப் போனவர். அதே ஸ்டேஷன் 1963-இல் அவருடைய இலாகாவுக்குக் கீழ் வந்தது. சினிமாவில் என்றால் அங்கே ஒரு காட்சி வைத்திருப்பார்கள்.

கோயில் என்றதும் ஞாபகம் வருகிறது. எட்டாம் வகுப்பில் மதுரைக்குச் சுற்றுலா போனோமே. கோயிலுக்குள் நுழையும் முன்னால் வாத்தியார் எங்களை வரிசையாக நிற்கவைத்து இந்த 1939 கதையைத்தான் சொன்னார். எனக்குப் பக்கத்தில் நின்றவன் என் கூட்டாளி, இப்போது திருச்சியில் ரிட்டயர் ஆகி இருக்கிறான். அவன் அப்பா அந்த இரவுப் பள்ளி ஒன்றில் எழுத்துக் கற்றவர். "எங்கப்பாவுக்கு கையெழுத்துச் சொல்லிக் குடுத்தது அவருதான்" என்று என் காதில் சொன்னான். சாயங்காலம் திரும்பி வரும்போது ரோட்டோரம் ஒரு டீக்கடையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். கடைக்காரருக்கு எங்கள் ஊர் ஆட்களைத் தெரியும். அவனுக்கு மட்டும் கூரையில் செருகியிருந்த தனி கிளாஸை எடுத்துக் கழுவச் சொன்னார். அவன் கழுவிக் குடித்துவிட்டுத் திரும்பச் செருகினான். வாத்தியார் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அதில் சொல்ல ஏதாவது இருக்கிறது என்றே அன்று எனக்குப் படவில்லை.

சரி, மந்திரியாக இருந்து என்ன செய்தார்? 1957-இல் காமராஜர் அவருக்குப் பொதுப்பணித்துறையைக் கொடுத்தார். நம் ஊர்க்காரனுக்கு அந்தத் துறை என்றால் தண்ணீர். பெரியாறு கால்வாயில் கள்ளந்திரி வரைக்கும் இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம். நாம் கடைமடை. மேலே எல்லாரும் எடுத்தது போக வருவதுதான் நமக்கு. 1959 ஜனவரியில் வைகை அணை திறந்தபோது இலாகா மந்திரி நம் கடைமடைக்காரர். பெரியாற்றுத் தண்ணீரைப் பிடித்து வைத்து, வேண்டும்போது விட ஓர் இடம் கிடைத்தது. அணை அவர் ஒருவரால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். திட்டம், பணம், காமராஜர் என்று எல்லாம் சேர்ந்து வந்தது. ஆனால் என் வயது ஆட்கள் நெல்லுச்சோறு தின்று வளர்ந்ததில் அந்த அணைக்குப் பங்கு உண்டு. வாட்ஸ்அப் செய்தியில் அணை வருவதில்லை.

1962-இல் தொகுதி சமயநல்லூர், இலாகா விவசாயம். அடுத்த வருஷம், மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போகும் கே-பிளான் என்று காமராஜர் பதவியை விட்டார், பக்தவத்சலம் முதலமைச்சர் ஆனார், கக்கன் போலீஸ் மந்திரி.

இந்த இடத்தில்தான் எல்லாரும் வேகமாகத் தாண்டிப் போவார்கள். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்தபோது போலீஸ் அவர் கையில். ஜனவரி 25 அன்று மதுரை வடக்கு மாசி வீதியில் காங்கிரஸ் அலுவலகத்துக்கு முன்னால் மாணவர்களுக்கு அடி விழுந்து கலவரம் ஆனது. இரண்டு நாள் கழித்து சிதம்பரத்தில் துப்பாக்கிச் சூட்டில் ராஜேந்திரன் என்ற மாணவர் செத்தார். அவர் ஒரு போலீஸ்காரர் மகன். துப்பாக்கிச் சூடு பொள்ளாச்சி வரை போனது. முடிவெடுத்தவர் முதலமைச்சர், இவர் நல்ல மனிதர் என்று சொல்லித் தப்பிக்கவிட எனக்கு மனமில்லை. நல்ல மனிதர்தான். சுட்டது அவர் இலாகா. இரண்டும் உண்மை. நம் பள்ளியில் எனக்கு மூத்த செட்டில் அந்தப் போராட்டத்தில் படிப்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்த் தியாகி என்று மட்டும் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

1967 பிப்ரவரியில் மேலூர் தெற்கில் நின்று, தி.மு.க.வின் ஓ.பி. ராமனிடம் தோற்றார். அந்தத் தேர்தலில் விருதுநகரில் காமராஜரே தோற்றார், ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலம் தோற்றார். ஆகவே கக்கன் தோற்றதில் ஆச்சரியம் இல்லை. அரிசிப் பஞ்சம். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எல்லாருக்கும் தெரிந்த கதை. வாடகை வீடு, பஸ்ஸில் நின்றுகொண்டு பயணம், ஆஸ்பத்திரி. அந்த நேரத்தில் நான் மதுரையில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தேன். அதே ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் போய்ப் பார்த்திருப்பேனா என்று தெரியாது. எம்.ஜி.ஆர். வீடும் உதவித் தொகையும் கொடுத்தார். 1981 டிசம்பர் 23-இல் கக்கன் போனபோது செய்தித்தாளில் படம் பார்த்தேன். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

நான்கு வருஷம் கழித்து சிங்கப்பூர் வந்துவிட்டேன். இங்கே எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் வாரத்தில் ஓர் இரவு எம்.பி. உட்கார்ந்திருப்பார். டோக்கன் வாங்கிக்கொண்டு போய்க் குறையைச் சொல்லலாம். முதல் தடவை என் வேலை அனுமதிச் சிக்கலுக்காகப் போய் உட்கார்ந்தபோது, பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தபடி என் ஊர் எம்.எல்.ஏ. யார் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. கக்கன்தான் வந்தார்.

1997 ஜூலைத் தொடக்கத்தில் இங்கே தமிழ் முரசில் மேலூர் என்று பார்த்ததும் ஆசையாக எடுத்தேன். மேலவளவு. ரிசர்வ் ஆன ஊராட்சியில் ஜெயித்துத் தலைவரான முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றிருந்தார்கள். தும்பைப்பட்டிக்கும் மேலவளவுக்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே ஜனம்தான் கக்கனைச் சட்டசபைக்கு அனுப்பியது என்று கூட்டாளிக்குக் கடிதம் எழுதினேன். அவன் ஒரே வரியில் பதில் போட்டான்: "சட்டசபை சென்னையில இருக்கு, பஞ்சாயத்து ஆபீஸ் ஊருக்குள்ள இருக்கு."

எங்கள் அய்யாவுக்குக் கக்கன் என்றால் உயிர். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். திருச்சி ரோட்டில் பஸ் தும்பைப்பட்டியைத் தாண்டும்போது, "தங்கமான மனுஷன், நாமதான் தோக்கடிச்சுட்டோம்" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் ஆரம்பித்துவிடுவார். 2004-இல் லீவுக்குப் போனபோது இரண்டு பேருமாக மணிமண்டபத்தைப் பார்க்கப் போனோம். படங்களை எல்லாம் பார்த்துவிட்டு வெளியே வந்து நிழலில் உட்கார்ந்தோம். அப்போது சும்மா கேட்டேன், 67-இல் யாருக்குப் போட்டீர்கள் என்று.

"சூரியனுக்குத்தான். அரிசி இல்லையேப்பா."

"57-ல?"

வாத்தியார் வரைந்த பெட்டிகள் என் கண்ணில் இருந்தன. இரண்டு காளை, ஒன்றில் வட்டம். அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அம்பலத்துப் பெட்டியில ஒண்ணு போட்டேன்."

"இன்னொரு சீட்டு?"

"மடியில வச்சு வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன்."

"ஏன்யா?"

"எல்லாரும் அப்படித்தான் கொண்டாந்தாய்ங்க" என்றார். அப்புறம் பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தார்.