ரோஸ்கில்டெ: அரசர் தூணும் கப்பல் பலகையும்

கோபன்ஹேகனுக்கு மேற்கே 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இந்த ஊரின் பெயரை எழுத்தைப் பார்த்து நாம் ரோஸ்கில்டெ என்று படிக்கிறோம். டென்மார்க்குக்காரர்களோ நடுவிலிருக்கும் டகரத்தை விழுங்கிவிட்டு ‘ரோஸ்கிலெ’ என்பதுபோல் சொல்கிறார்கள். இது தெரியாமல், ரயிலில் வந்த அறிவிப்பை வேறு எந்த ஊருக்கோ உரியது என்று எண்ணி உட்கார்ந்திருந்த நான், ஜன்னலுக்கு வெளியே பெயர்ப்பலகையைக் கண்டு, கதவு மூடுவதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு குதிக்காத குறையாக இறங்கினேன். டென்மார்க்கின் முதல் ரயில் பாதை 1847இல் கோபன்ஹேகனையும் இந்த ஊரையும்தான் இணைத்தது. நான் போனது 2019 செப்டம்பரில், தூறலும் வெயிலும் மாறி மாறி வந்த ஒரு நாளில்.

ஊரின் எந்தத் தெருவில் நின்றாலும் பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் கண்ணில் படுகின்றன. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கிய இந்த ஆலயம் முழுக்க முழுக்கச் செங்கல்லால் ஆனது. பிரான்சில் சுண்ணக்கல்லில் எழுந்த, கூர்வளைவுகளும் உயர்ந்த கூரையும் கொண்ட கோத்திக் பாணியைச் செங்கல்லில் செய்து பார்த்த முன்னோடிக் கட்டடம் என்பதால், 1995இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. டென்மார்க்கின் அரசர்களும் அரசிகளுமாக ஏறத்தாழ 40 பேர் இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறையும் தனக்கென்று ஒரு சிற்றாலயத்தை ஒட்டவைத்துக்கொண்டே போனதால், வெளியிலிருந்து பார்க்கும்போது, கூட்டுக் குடும்பத்துக்காக அறை மேல் அறையாகச் சேர்த்துக் கட்டிய பழைய வீட்டின் சாயல் தெரிகிறது.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது, முதலாம் கிறிஸ்தியானின் சிற்றாலயத்தில் உள்ள ஒரு தூண். வீட்டில் பிள்ளைகளின் உயரத்தைக் கதவு நிலையில் கோடிட்டு வைப்பதைப்போல, வந்துபோன அரசர்களின் உயரத்தை அதில் குறித்து வைத்திருக்கிறார்கள். ரஷ்யாவின் மகா பீட்டருடைய கோடு உச்சியை ஒட்டி இருக்கிறது. சயாம் மன்னர் சுலாலங்கோர்னின் கோடு வெகு கீழே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே 219 சென்டிமீட்டரில் முதலாம் கிறிஸ்தியான் நிற்கிறார். பின்னாளில் அவருடைய எலும்புகளை அளந்து பார்த்தபோது, உயரம் 188 சென்டிமீட்டர் அளவுதான் என்று தெரிந்தது. எப்படிப் பார்த்தாலும் ஓர் அடி கூடுதல். ஆனாலும் அந்தக் கோட்டை யாரும் அழிக்கவில்லை. அழிக்காமல் விட்டதே சரி என்று எனக்குப் பட்டது.

நான்காம் கிறிஸ்தியானின் சிற்றாலயம் தமிழர் எவரும் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம். காஸ்பார் ஃபிங்கெ என்ற கொல்லர் தன் பெயரைப் பொறித்துச் செய்த இரும்புக் கதவுக்கு அப்பால் அந்த அரசரின் பேழை இருக்கிறது. சுவரில் வில்ஹெல்ம் மார்ஸ்ட்ராண்ட் 19ஆம் நூற்றாண்டில் தீட்டிய பெரிய ஓவியத்தில், 1644ஆம் ஆண்டுக் கடற்போரில் கண்ணில் காயம்பட்ட பிறகும் கப்பல் தளத்தை விட்டு நகராமல் நின்று கட்டளையிடும் கோலத்தில் அவரைக் காண்கிறோம். இவருடைய காலத்தில்தான் டேனிஷ் கப்பல்கள் சோழமண்டலக் கரைக்கு வந்தன. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் கோட்டை எழுப்பின. நாயக்கர் இவருக்குத் தங்க ஏட்டில் அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் டென்மார்க்கின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கக் காரணமான நான்காம் ஃபிரெடரிக்கும் இதே ஆலயத்தில்தான் இருக்கிறார். ஆனால் தரங்கம்பாடி என்ற பெயரை அங்கிருந்த எந்தக் குறிப்புப் பலகையிலும் நான் காணவில்லை. என் கண்ணில் படாமலும் போயிருக்கலாம்.

ஆலயத்திலிருந்து பூங்கா வழியாகக் கீழிறங்கினால், கால்மணி நேர நடையில் ஃபியோர்டின் கரைக்கு வந்துவிடலாம். ஃபியோர்டு என்பது நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் கடலின் கிளை. அங்கே, வைக்கிங் எனப்படும் பழைய வட ஐரோப்பியக் கடலோடிகளின் கப்பல்களுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. 1070ஐ ஒட்டிய ஆண்டுகளில், கடல் வழியே வரும் எதிரியைத் தடுக்க, இவ்வூரார் ஐந்து பழைய கப்பல்களில் கல்லை நிரப்பி, வடக்கே 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஸ்கூல்டெலேவ் அருகே நீர்த்தடத்தில் மூழ்கடித்தார்கள். 1962இல் அந்த இடத்தைச் சுற்றி அணை கட்டி, நீரை இறைத்து, ஆயிரக்கணக்கான மரத்துண்டுகளாக அவற்றை வெளியே எடுத்தார்கள். கப்பல்களுக்கு இட்ட எண்களில் 4 மட்டும் இல்லை. தனிக் கப்பல் என்று நினைத்தது 2ஆம் கப்பலின் மற்றொரு பகுதிதான் என்று பிறகு தெரியவந்தது. எண்களை மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்த 2ஆம் கப்பல் 30 மீட்டர் நீளமுள்ள போர்க்கப்பல். கால்வாசி மரம்தான் கிடைத்திருக்கிறது; மீதி உருவத்தை இரும்புக் கம்பிகள் வரைந்து காட்டுகின்றன. ஆனால் அந்தக் கால்வாசியே போதுமானதாக இருந்திருக்கிறது. பலகைகளின் ஆண்டு வளையங்களை எண்ணி ஒப்பிட்டவர்கள், இது 1042ஐ ஒட்டி அயர்லாந்தின் டப்ளினில் கட்டப்பட்டது என்று கண்டுபிடித்தார்கள். அதே வடிவத்தில் இங்கே கட்டிய கப்பல் 2007இல் அறுபதுக்கும் மேற்பட்டோருடன் டப்ளினுக்குப் பாய்விரித்துப் போய், மறு ஆண்டு திரும்பி வந்தது.

கப்பல்கள் நிற்கும் கான்கிரீட் மண்டபம் 1969இல் திறக்கப்பட்டது. ஃபியோர்டைப் பார்த்த பக்கம் முழுதும் கண்ணாடி. மெலிந்த, கறுத்த விலாப் பலகைகளின் பின்னால் நீர் அலைவதைப் பார்க்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கடலுக்கு இத்தனை அருகில் கட்டியதற்கான விலையையும் கொடுத்துவருகிறார்கள். 2013 டிசம்பர்ப் புயலில் நீர் மண்டபத்தையே மிரட்டியது, கான்கிரீட்டும் சிதைந்துவருகிறது. ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டு நீருக்கடியில் கிடந்த மரத்தைவிட, ஐம்பது வயதைக் கடந்த கான்கிரீட்டைப் பற்றித்தான் அவர்களுக்குக் கவலை அதிகம்.

ஊரின் பழைய அரண்மனையில் இயங்கிய சமகாலக் கலை அருங்காட்சியகத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். குறை என்னுடையதாகவே இருக்கலாம். ராக் இசைக்கான ரக்னராக் அருங்காட்சியகத்தின் பொன்னிற முகப்பை வெளியிலிருந்து மட்டும் பார்த்தேன்.

மிச்சமிருந்த நேரத்தைக் கப்பல் அருங்காட்சியகத்தின் படகுப் பட்டறைக்கே கொடுத்தேன். தார் வாசனைக்கு நடுவே ஒரு தச்சர் ஓக் மரத்தை ரம்பத்தால் அறுக்காமல், ஆப்படித்துப் பிளந்து, கோடரியால் செதுக்கிக்கொண்டிருந்தார். அறுத்தால் நார் அறுந்துவிடும், பிளந்தால் நாரின் போக்கிலேயே பலகை வரும், அதனால் மெலிதாக இருந்தாலும் வலுவாக இருக்கும் என்று விளக்கினார். ஓடு வேய்வதைப்போல ஒன்றின் விளிம்பில் ஒன்றை ஏற்றி ஆணி அறைவதற்கான பலகை அது. அவரிடம் கேட்டுக் காலடியில் கிடந்த சிராய் ஒன்றை எடுத்துக்கொண்டேன். திரும்பும் ரயிலில் அதை வெளிச்சத்தில் பிடித்து வளையங்களை எண்ணினேன். பதினொன்று இருந்தன.