ஊசி வழியே செலுத்தியும் கரு உருவாகாதபோது

எங்கள் முதல் இக்ஸி (ஊசியால் முட்டைக்குள் ஒரு விந்தணுவைச் செலுத்தும் கருத்தரிப்புச் சிகிச்சை) சேலத்தில் நடந்தது. முட்டை எடுத்த வயிற்று வலியோடு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டு வீட்டுக்குப் போக முடியாது என்பதால் அஸ்தம்பட்டியில் சித்தி வீட்டில் தங்கினேன். மறுநாள் அங்கேதான் போன் வந்தது: முட்டைக்குள் நேராக விந்தணுவைச் செலுத்தியும் ஒன்றுகூடக் கருவுறவில்லை.

“முட்டை சரியில்லையோ?” என்றார் அத்தை. எனக்கும் அதே பயம். ஆய்வகத்தில் இருந்த கருவியல் நிபுணர்தான் பொறுமையாக விளக்கினார்.

முதிர்ந்த முட்டை செல் பிரிதலின் பாதியில் நின்று காத்திருக்குமாம். அதை எழுப்புவது கால்சியம். விந்தணு கொண்டுவரும் பி.எல்.சி. ஜீட்டா என்ற புரதம், முட்டை தனக்குள் சேர்த்துவைத்த கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. ஒரே தடவை அல்ல, மணிக்கணக்கில் ஏறி இறங்கி ஏறி இறங்கி. அதன் பிறகே பாதியில் நின்ற பிரிதல் முடிகிறது. இக்ஸி குழந்தைகள் 1992இலேயே பிறந்துவிட்டார்கள். இந்தப் புரதம் தெரியவந்ததோ 2002இல். எனக்கு இது பெரிய ஆச்சரியம். (கால்சியம் மாத்திரை சாப்பிட்டு இதைச் சரிசெய்ய முடியாது. சொந்தக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.)

என் கணவருடைய விந்தணு எண்ணிக்கையும் ஓட்டமும் நன்றாகவே இருந்தன. ஆனால் இந்தப் புரதம் குறைவாக இருந்தால் வழக்கமான பரிசோதனையில் தெரியாது. முட்டையின் பக்கமும் குறை இருக்கலாம். ஆக, யார் மீதும் பழி போட இடமில்லை. வீட்டில் அதைப் புரியவைத்ததே எனக்குப் பாதி நிம்மதி.

அடுத்த முறை, விந்தணுவைச் செலுத்திய பின் முட்டைகளைக் கொஞ்ச நேரம் கால்சியம் அயனோஃபோர் கரைசலில் வைத்தார்கள். இது இயற்கையைப் போல அலை அலையாக எழுப்பாது, கால்சியத்தை ஒரு தடவை உயர்த்தும், அவ்வளவுதான். எல்லோருக்கும் தேவையில்லை, பலன் உறுதியும் இல்லை. பிறந்த குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகள் இதுவரை நம்பிக்கை தந்தாலும் அவை சிறியவை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டோம்.

விந்தணுவைச் செலுத்திய 16 முதல் 18 மணி நேரத்துக்குள் பார்ப்பார்கள். முட்டைக்குள் இரண்டு முன்கருக்கள் (முட்டையின் உட்கரு ஒன்று, விந்தணுவின் உட்கரு ஒன்று) தெரிந்தால் கருவுற்றது என்று அர்த்தம். இந்த முறை சில முட்டைகளில் தெரிந்தது. அந்த முட்டைகளில் உருவான கருக்கள் இப்போது உறைநிலையில் இருக்கின்றன. கருப்பையில் வைப்பது அடுத்த மாதம். உங்களுக்கும் ஒன்றுகூடக் கருவுறவில்லை என்று சொன்னால், முட்டை முதிர்ந்திருந்ததா, விழிக்காமல் நின்றதா என்று ஆய்வகத்தில் கேளுங்கள்.