சித்தாள் அக்காவிடம் சுவர் கட்டப் பழகினேன்

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டு மதிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் கரைபுரண்டு வந்ததே, அதுதான் பின்பக்க மதிலைப் படுக்க வைத்தது. வீடு கடலூர் ஆல்பேட்டைப் பக்கம். மதில் இருபதடி நீளம், அஞ்சடி உயரம், அரைக்கல் கனம், அதாவது நாலரை அங்குலம். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. அந்தப் பக்கம் தண்ணீர் இடுப்பளவு தேங்கி நின்றது, இந்தப் பக்கம் வடிந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் நின்று தள்ளினால் அரைக்கல் சுவர் எவ்வளவு நேரம் தாங்கும்?

வெள்ளம் வடிந்த பிறகு ஊரில் எல்லாருக்குமே கொத்தனார் தேவைப்பட்டார். இருபதடி மதிலுக்கு யார் வருவார்? தெரிந்த கொத்தனார் ஒருவர், பழக்கத்துக்காக, தை பிறந்ததும் வந்தார். கடைக்கால் தோண்டி, அடியில் கான்கிரீட் போட்டு, தரைமட்டம் வரை ஒன்பது அங்குலக் கட்டு எழுப்பினார். இரண்டு முனையிலும் நடுவிலும் ஒன்பதுக்கு ஒன்பதில் கம்பி வைத்துத் தூண் நிறுத்தினார். அப்புறம் நெல்லிக்குப்பத்தில் ஒரு வீட்டுக்குத் தளம் போடும் வேலை வந்துவிட்டது. "மீதி சும்மா கல்லு அடுக்கற வேலைதான், சார். அக்கா இருக்காங்க, நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா என்றால் அவரிடம் பல வருஷமாகச் சித்தாள் வேலை பார்ப்பவர். கல் தூக்குவது, மணல் சலிப்பது, கலவை போடுவது, சட்டி எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்தான். எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கலவை போட்டுத் தருகிறேன், கட்டுவது உங்கள் பாடு என்று ஒத்துக்கொண்டார். சுவர் கட்டுவது என்றால் கரண்டி பிடிப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கரண்டி கடைசியில்தான் வருகிறது.

முதல் வேலை கல் பார்ப்பது. மழைக்காலத்தில் சூளை ஓடாது, அதனால் தை மாதத்தில் கிடைப்பதெல்லாம் போன வருஷத்து மிச்சம். அதில் நனைந்ததும் அரைவேக்காடும் கலந்து வரும். லாரி வந்து நின்றதும் அக்கா இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். கணீர் என்று கேட்டால் எடுக்கலாம், மொத்தென்று கேட்டால் வெந்தது போதவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தார். ஒரு கல்லை இடுப்புயரத்திலிருந்து மண் தரையில் போட்டார், உடையவில்லை. "இறக்குப்பா" என்றார். நான் ஐந்நூறு கல் சொல்லியிருந்தேன். அரைக்கல் சுவரில் சதுர அடிக்கு உடைசலும் சேர்த்து அஞ்சு கல் என்பது கணக்கு.

இறக்கிய கல்லை அப்படியே வைத்துக் கட்ட முடியாது. முந்தின நாள் சாயங்காலமே தொட்டியில் போட வேண்டும். போட்டதும் குமிழி குமிழியாக விடும், குமிழி நின்றால்தான் கல்லுக்குத் தாகம் தீர்ந்தது என்று அர்த்தம். "கல்லு தண்ணி குடிக்கலன்னா கலவையில இருக்கற தண்ணிய உறிஞ்சிக்கும் தம்பி. அப்பறம் சிமெண்ட்டு எதைக் குடிச்சு எறுகும்?" என்று கேட்டார். சிமெண்ட் காய்ந்து கெட்டியாவதில்லை, தண்ணீரோடு சேர்ந்து வேதிவினை நடந்துதான் இறுகுகிறது. பொறியியல் படித்த என் மச்சானுக்கு இதை விளக்க அரை மணி நேரம் ஆனது. ஊறிய கல்லை எடுத்துக் கொஞ்ச நேரம் நிழலில் வைத்து, மேலே நீர் சொட்டாத பதத்தில் கட்ட வேண்டும். சொட்டச் சொட்ட வைத்தால் கலவையில் வழுக்கும்.

தண்ணீர் விஷயத்தில் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தொல்லை. எங்கள் போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். அதில் கலவை போட்டால் சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூக்கும், பூச்சு உரிந்து வரும். அதனால் குழாயில் வரும் குடிதண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டோம். கடற்கரை மணலையும் தொடவே கூடாது. தேவனாம்பட்டினம் பக்கத்தில்தானே, ரெண்டு மூட்டை அள்ளி வந்தால் என்ன என்று யோசிக்கிறவர்களை அக்கா நிறையப் பார்த்திருக்கிறாராம். பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட்தான் வாங்கினேன்.

அரைக்கல் சுவருக்குக் கலவை ஒன்றுக்கு நாலு. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் ஒன்றுக்கு ஆறு போதும். ஒரு சட்டி சிமெண்ட்டுக்கு நாலு சட்டி மணல், சட்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும். மூட்டைக் கணக்கில் கலப்பவர்கள் ஐம்பது கிலோ சிமெண்ட் ஒன்றேகால் கன அடி என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் தண்ணீர் விடாமல் புரட்ட வேண்டும். மணலின் நிறமும் சிமெண்ட்டின் நிறமும் தனித்தனியாகத் தெரியாமல் எல்லாம் ஒரே சாம்பலாக ஆகும் வரை புரட்டி, அப்புறம் நடுவில் குழி பறித்துத் தண்ணீர் ஊற்றி, ஓரத்திலிருந்து உள்ளே தள்ளித் தள்ளிக் குழைக்க வேண்டும். பதம் வடை மாவு மாதிரி என்றார் அக்கா. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகக் கூடாது, உதறினால் விழ வேண்டும். தண்ணீர் விட்ட கலவையை அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட்டுத் தந்தார். இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் தெளித்துப் புரட்டிக்கொள்ளலாமே என்று கேட்டதற்கு, பதில் சொல்லாமல் அந்தச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் கவிழ்த்தார்.

கலவை தோலை அரிக்கும். வேலை தொடங்கும் முன் கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு ரப்பர் கையுறை வாங்கினேன், அவருக்கும் ஒரு ஜோடி கொடுத்தேன். "இதப் போட்டா கை பேசாது" என்று மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார்.

சரி, இனி கட்டு. அடுத்தடுத்த இரண்டு தூணிலும் ஒரே மட்டத்தில் குறி போட வேண்டும். அதற்கு டியூப் லெவல். நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி ஆளுக்கொரு முனை பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் உயரம் ஒன்றாகவே இருக்கும். நடுவில் காற்றுக்குமிழி மாட்டியிருந்தால் மட்டம் பொய் சொல்லும், அதைத் தட்டித் தட்டி வெளியேற்ற வேண்டும். தரையைப் பார்த்து மட்டம் போடக் கூடாது. எங்கள் தரை கண்ணுக்குச் சமமாகத்தான் தெரிகிறது, டியூப் வைத்தால் ஒரு முனை முக்கால் கல் உயரம் தாழ்ந்திருக்கிறது. வரிக் குறி போட்ட பிறகு ஆணி அடித்து நூல் கட்ட வேண்டும். கல்லின் ஓரம் நூலைத் தொடாமல், ஒரு நூல் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். ஒரே ஒரு கல் நூலைத் தள்ளினாலும் அதற்கப்புறம் வைக்கும் கல்லெல்லாம் வளைந்த நூலைத்தான் நம்பும்.

கல் வைப்பது சொல்ல எளிது. இரண்டு மூன்று கல்லுக்குப் போதுமான அளவு கலவையைப் பரப்பி, நடுவில் கரண்டி நுனியால் ஒரு கோடு இழுக்க வேண்டும். வைக்கப்போகும் கல்லின் தலைப்பக்கத்தில் கலவை தடவி, பக்கத்துக் கல்லோடு ஒட்டித் தள்ளியபடியே கீழே அமுக்க வேண்டும். சூளை முத்திரைப் பள்ளம் மேலே பார்த்து இருக்க வேண்டும், அடுத்த வரிக் கலவை அதில் நிரம்பிப் பிடித்துக்கொள்ளும். கரண்டிப் பிடியால் இரண்டு தட்டு. பிதுங்கி வரும் கலவையை ஒரே வழியில் சீவி, அதையே அடுத்த சந்தில் போட வேண்டும். இந்தச் சீவல்தான் எனக்குக் கடைசி வரை முழுசாகக் கைவரவில்லை. அக்கா எட்ட நின்று பார்த்துக்கொண்டிருப்பார், சந்தில் பள்ளம் தெரிந்தால் ஒரு விரலை உள்ளே விட்டுக் காட்டுவார். திட்டுவதைவிட அது மோசம்.

ஒரு வரியின் சந்துக்கு மேலே அடுத்த வரியின் சந்து வரக் கூடாது. அதனால் ஒரு வரி முழுக்கல்லில் தொடங்கினால் அடுத்தது அரைக்கல்லில் தொடங்க வேண்டும். கல்லை இடது கையில் ஏந்தி, கரண்டி விளிம்பால் நாலு பக்கமும் லேசாகக் கொத்திக் கோடு போட்டு, ஒரே அடி. நன்றாக வெந்த கல் நேராகப் பிளக்கும். நாலு வரிக்கு ஒரு தடவை ஆறு எம்.எம். கம்பி இரண்டைக் கலவைக்குள் படுக்க வைத்தோம், அரைக்கல் சுவருக்கு முதுகெலும்பு அதுதான். தரையை ஒட்டிய வரியில் நாலு அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டுகளை அங்கங்கே வைத்துக் கட்டச் சொன்னது நான். இந்த வேலையிலேயே என் சொந்த யோசனை அது ஒன்றுதான். இனி வெள்ளம் வந்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறட்டும்.

ஒவ்வொரு வரிக்கும் மட்டம் பார்க்கும் குமிழிக் கட்டையான ரசமட்டம், இரண்டு மூன்று வரிக்கு ஒரு தடவை தூக்குக்குண்டு. அது நூலில் தொங்கும் குண்டு, நூலின் மேலே ஒரு சின்னக் கட்டை இருக்கும். கட்டையை மேல் வரியில் ஒட்டிப் பிடித்துக் குண்டைக் கீழே விட்டால், குண்டு சுவரை உரசியும் உரசாமலும் நிற்க வேண்டும். விலகி நின்றால் மேலே நம் பக்கம் சாய்ந்திருக்கிறது. சுவரில் இடித்து நின்றால் மேலே அந்தப் பக்கம் போயிருக்கிறது. ஒரே நாளில் மூன்றடிக்கு மேல் ஏற்ற அக்கா விடவில்லை. கீழ்க் கலவை பச்சையாக இருக்கும்போது மேலே பாரம் ஏற்றினால் வரி நழுவுமாம்.

கட்டி முடித்த அன்று வேலை முடியவில்லை. மறுநாளிலிருந்து ஒரு வாரத்துக்குக் குறையாமல் காலையும் சாயங்காலமும் தண்ணீர் விட வேண்டும். தை மாதம்தானே, பனி இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது, பகலில் கடல்காற்று உலர்த்திவிடும். சாக்கை நனைத்துப் போர்த்திவிட்டு அலுவலகம் போனேன்.

இப்போது எந்தச் சுவரைப் பார்த்தாலும் கண் சந்துக்குத்தான் போகிறது. தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் மிச்சச் சுவர் பக்கம் ஒரு நாள் போயிருந்தேன். பழைய காலத்துச் சுண்ணாம்புச் சாந்து சிமெண்ட் மாதிரி ஒரு மணிக் கணக்கில் அவசரப்படுத்தாது, மெதுவாகத்தான் இறுகும். அந்தக் கொத்தனார்கள் பேசிக்கொண்டே கட்டியிருப்பார்கள்.

கடைசி ஞாயிறு, எனக்கு மணிக்கட்டு வீங்கி கரண்டி பிடிக்க முடியவில்லை. மேல் இரண்டு வரி பாக்கி. அக்கா ஒன்றும் சொல்லாமல் கரண்டியை வாங்கினார். நான் ஒரு கல் வைக்கும் நேரத்தில் அவர் நாலு வைத்தார், சீவியது சிந்தவில்லை. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், உரசியும் உரசாமலும் நின்றது.

"ஏன்க்கா, நீங்க கொத்தனார் வேலைக்கே போயிருக்கலாமே?"

"எனக்கு யாரு கரண்டி குடுத்தா? பொம்பளன்னா சட்டிதான். மேஸ்திரி சாப்பிடப் போற நேரத்துல திருட்டுத்தனமா வெச்சுப் பழகினதுதான் இது. அவரு வந்து தொடருவாரு, யாரு வெச்சதுன்னு தெரியாது."

பாண்டிச்சேரியைத் தாண்டினால் ஆரோவில்லில் எர்த் இன்ஸ்டிடியூட் இருக்கிறது, மண்கல் கட்டுமானத்துக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள், வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பெண்களும் படிக்கிறார்கள் என்று சொன்னேன். "முடிச்சா காயிதம் குடுப்பாங்களா?" என்று கேட்டார். கொடுப்பார்கள் என்றேன். "அப்ப கூலியும் குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைக் கழுவப் போனார்.

எதிர் வீட்டிலும் மதில் விழுந்துதான் கிடக்கிறது. எங்கள் சுவரைப் பார்த்துவிட்டு அவர்கள் அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் கொத்தனார் கூலி கேட்டிருக்கிறார், சித்தாள் கூலிக்கு மேலே கொஞ்சம் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். பேச்சு இன்னும் முடியவில்லை. கலவை போட்டுக் கொடுக்க நான் வருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.