முகம் நினைவுக்கு வராத ஒரு பெயர்

1852-இல் மலேசியாவின் பினாங்கு வந்த லசால் அருட்சகோதரர்களும் குழந்தை இயேசு சபை அருட்சகோதரிகளும் வேரூன்றச் செய்த மிஷன் பள்ளி மரபில்தான் நானும் ஆசிரியையாக இருக்கிறேன். இன்று பாடத்திட்டம் அரசினுடையது. முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வி, ஏனையோருக்கு நன்னெறிக் கல்வி. என் வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ‘பிறகு இது எப்படிக் கத்தோலிக்கப் பள்ளி?’ என்று எங்கள் ஆலயப் பங்கு மக்களே கேட்கிறார்கள்.

இக்கேள்விக்கான விடையை, லசால் சபையை நிறுவிய புனித ஜான் பாப்திஸ்து தெ லசாலிடம் கண்டேன். 1651-இல் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்து, பஞ்ச காலத்தில் தம் சொத்தை ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்து, எளிய ஆசிரியர்களோடு வாழத் துணிந்த அவரை, 1950-இல் திருச்சபை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தது. தொடக்கநூலில் யாக்கோபு கனவில் கண்ட ஏணியில் வானதூதர்கள் ஏறி இறங்கியதைப்போல, ஆசிரியரும் பிள்ளைகளின் தேவைகளைச் சுமந்துகொண்டு செபத்தில் இறைவனிடம் ஏறவேண்டும், பெற்றுக்கொண்டதோடு பிள்ளைகளிடம் இறங்கிவரவேண்டும் என்பது அவருடைய போதனை. நல்லாயன் ஆடுகளை அறிவதுபோல் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே அறியவேண்டும் என்றும் வலியுறுத்தினார். மாணவரின் குணநலன்களை எழுதிவைக்கும் வழக்கமே அவருடைய பள்ளிகளில் இருந்தது. கரும்பலகைக்குச் செல்லுமுன் நிகழவேண்டிய இந்த ஆயத்தமே ஆன்மிகக் கற்பித்தல் என்பது என் உறுதியான எண்ணம். பிள்ளையின் சமயத்தை மாற்றுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. மாறவேண்டியது ஆசிரியரின் பார்வை.

இதை நம்பி, சென்ற ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், இரவுதோறும் இரண்டாம் படிவ (இடைநிலைப்பள்ளியின் இரண்டாம் ஆண்டு) வருகைப் பதிவேட்டின் பெயர்ப்பட்டியலை முன்னே வைத்து, ஒவ்வொரு பெயராக நிறுத்திச் செபிக்கத் தொடங்கினேன். அடங்காத பிள்ளைகளின் முகங்கள் உடனே வந்தன. நன்றாகப் படிப்பவர்களின் முகங்களும் வந்தன. ஒரு பெயரிடம் வந்தபோது எந்த முகமும் தோன்றவில்லை. அவள் ஒருநாளும் விடுப்பு எடுத்ததில்லை, எந்தத் தொல்லையும் கொடுத்ததில்லை. வாரந்தோறும் வரலாற்றுப் பாடத்தில் என் எதிரே அமர்ந்திருந்த குழந்தையை நான் பார்த்ததே இல்லை என்பது அன்றிரவு எனக்குப் பெரும் வேதனையாக இருந்தது. அதை ஒரு பாவமாகவே கருதி ஒப்புரவு அருளடையாளத்தில் குருவிடம் அறிக்கையிட்டேன்.

மறுநாள் அவளருகே சென்று நின்றேன். அவள் இடக்கையால் எழுதுபவள். எழுத எழுத மை கலைந்து கையில் படிந்திருந்தது. அந்த நோட்டுப்புத்தகத்தைத்தான் பலமுறை ‘சுத்தமாக எழுது’ என்று சிவப்பு மையில் குறித்துத் திருப்பிக் கொடுத்திருந்தேன்.