நள்ளி வளைவு

எட்டுப் பேர் ஒன்றாகப் பயணம் போகும்போது வண்டி ஓட்டுகிறவரைவிடக் கணக்கு எழுதுகிறவருக்குத்தான் மனஉளைச்சல் அதிகம் என்பதை ஏலகிரிக்குப் போய்வந்த பிறகே அறிந்துகொண்டேன். 2024-ஆம் ஆண்டு குடியரசு நாள் வெள்ளிக்கிழமையில் வந்ததால் மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்தது. கல்லூரியில் ஒன்றாகப் படித்து, இன்று சென்னையின் நாலாபுறமும் சிதறிக் கிடக்கும் நாங்கள் எட்டுப் பேரும், ஏலகிரியில் புங்கனூர் ஏரிக்கரை வீடு ஒன்றை இரண்டு இரவுகளுக்கு 18,000 ரூபாய் வாடகைக்குப் பேசினோம். ஆளுக்கு 5,000 ரூபாய் பொதுப்பணம். அதை வைத்துக்கொள்ளும் பொறுப்பு, விடுதியில் மெஸ் கணக்குப் பார்த்த நண்பனிடம் யாரும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தது. பெற்றோர் அவனுக்கு வைத்த பெயரைச் சொன்னால் எங்களில் பாதிப் பேர் யோசிப்பார்கள். கணக்குப்பிள்ளை என்றால் உடனே தெரியும்.

காலை 6 மணிக்குப் பூந்தமல்லியில் கூடுவதாக ஏற்பாடு. தாம்பரத்திலிருந்து வரவேண்டிய வண்டி வந்தபோது மணி 7.15 ஆகியிருந்தது. இரண்டு வண்டிகளில் ஒன்று டீசலில் ஓடுவது, மற்றது பெட்ரோலில் ஓடுவது. சென்னையில் அப்போது பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் 63 காசு, டீசல் 94 ரூபாய் 24 காசு. எரிபொருள் செலவைப் பொதுவில் போடுவதா, அந்தந்த வண்டியில் ஏறியவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதா என்ற விவாதம் நெமிலி சுங்கச்சாவடிவரை நீண்டது. பொதுவில்தான் போடவேண்டும் என்று கடைசியில் முடிவானது. அதற்குப் பிறகு சென்னசமுத்திரம், பள்ளிகொண்டா என்று ஒவ்வொரு சாவடியிலும் ஃபாஸ்டேக்கிலிருந்து பணம் கழிந்த குறுஞ்செய்தியை இரண்டு வண்டிக்காரர்களிடமும் வாங்கி, நாற்பது பக்க நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டே வந்தான் கணக்குப்பிள்ளை. கைப்பேசியில் இதற்கென்றே செயலிகள் இருக்கின்றனவே என்று ஒருவன் கேட்டதற்கு, நோட்டு அணைந்துபோகாது என்று பதில் வந்தது.

வேலூர் தாண்டியதும் மலைகள் தென்படத் தொடங்குகின்றன. பாலாறு என்ற பெயரில் மணலும் முட்செடியும் கூடவே வருகின்றன. ஆம்பூரை அடைந்தபோது பதினொன்றரை மணி. தோல் பதனிடும் தொழிலால் வாழும் அந்த ஊரைச் சென்னைக்காரர்கள் பிரியாணியால் மட்டுமே அறிந்துவைத்திருப்பது கொஞ்சம் அநியாயம்தான் என்றாலும், அன்று நாங்களும் அந்த அநியாயத்தைத்தான் செய்தோம். சீரகச் சம்பா அரிசியை முக்கால் வேக்காட்டில் வடித்து, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாயின் நிறமேறிய கறியின்மேல் கொட்டி, தட்டின்மேல் தணல் போட்டுத் தம்மில் இறக்குகிறார்கள். தேக்சாவின் மூடியைத் திறந்ததும் பரிமாறுகிறவர் கரண்டியை ஓரத்தில் செங்குத்தாக இறக்கி, அடியிலிருந்து ஒரே தூக்காகத் தூக்குகிறார். கிளறினால் அரிசி உடைந்துவிடுமாம். கூடவே புளிப்பும் எண்ணெயும் மிதக்கும் கத்திரிக்காய்த் தொக்கு. எங்களில் ஒருவன் சைவம். வெறும் தயிர்ப் பச்சடியும் பக்கத்துக் கடையின் இட்லியுமாக அவன் செலவு 70 ரூபாயில் முடிந்தது. பிரியாணிக்கான தொகையை எட்டால் வகுப்பதா ஏழால் வகுப்பதா என்று கணக்குப்பிள்ளை கவலைப்பட, எட்டாலேயே வகுத்துக்கொள், கத்திரிக்காயை நானும்தான் பார்த்தேன் என்று அந்தச் சைவ நண்பன் பெருந்தன்மையோடு சொன்னான்.

வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து, பொன்னேரி என்ற ஊரருகே மலைப்பாதை தொடங்குகிறது. அந்தப் பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் முதல் ஏழுக்குப் பாவேந்தர், பாரதியார், திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், அவ்வையார் என்று புலவர்களின் பெயர்களையும், அடுத்த ஏழுக்குக் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் வைத்திருக்கிறார்கள். புலவர்களைக் கடந்தால்தான் வள்ளல்களிடம் போய்ச் சேரமுடியும் என்ற ஏற்பாட்டைச் செய்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்கவேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒருவன் தமிழாசிரியர். ஒவ்வொரு பலகை வரும்போதும் அவன் வகுப்பெடுத்தான்: பற்றிப் படரக் கொம்பில்லாத முல்லைக்குத் தேரை விட்டுவிட்டு நடந்துபோன பாரி, குதிரைகளை வாரி வழங்கிய காரி, வில்லுக்குப் பெயர்போன ஓரி, தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியை அவ்வையாருக்குக் கொடுத்த அதியமான். பன்னிரண்டு வளைவு ஏறுவதற்குள் பெட்ரோல் வண்டி மூச்சுவாங்கியது. நெல்லிக்கனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஆம்பூரில் தேநீருக்கு 160 ரூபாய் கொடுத்தது யார் என்று பின்இருக்கையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

பதின்மூன்றாவது வளைவு நள்ளியுடையது. அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. காட்டில் பசித்துக் களைத்துக் கிடந்த புலவர் ஒருவரை, வேட்டைக்கு வந்த ஒருவன் பார்க்கிறான். தன் ஆட்கள் வந்துசேர்வதற்கு முன்பே தானே தீமூட்டி, இறைச்சியைச் சுட்டுக் கொடுத்து, அருவித் தண்ணீரைக் குடிக்கச் செய்து, கழுத்தில் கிடந்த ஆரத்தையும் முன்கையில் அணிந்திருந்த கடகத்தையும் கழற்றிக் கொடுக்கிறான். எந்த நாடு என்று கேட்டால் சொல்லவில்லை, பெயரைக் கேட்டாலும் சொல்லவில்லை. அவன்தான் நள்ளி என்று வழியில் பிறர் சொல்லித்தான் புலவருக்குத் தெரியவந்தது. இதைத் தமிழாசிரியன் சொல்லிமுடிப்பதற்குள் பேகனின் வளைவும் கடந்துபோய், மயிலுக்குப் போர்வை கொடுத்த கதைக்கு நேரமில்லாமல் போயிற்று.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விளம்பரப் படத்தில் சன்னலைத் திறந்தால் ஏரி இருந்தது. நேரில் சன்னலைத் திறந்தால் பக்கத்து விடுதியின் சுவர் இருந்தது. மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நின்றால் ஏரியின் ஒரு மூலையும், இரண்டு மிதிபடகுகளும் தெரிந்தன. இதைத்தான் ஏரியைப் பார்த்த வீடு என்று எழுதியிருந்தார்கள். வாடகையில் ஏதாவது குறைப்பார்களா என்று கணக்குப்பிள்ளை தொலைபேசியில் அரைமணி நேரம் மன்றாடியும், ஏரி அங்கேதானே இருக்கிறது என்பதே பதிலாகக் கிடைத்தது.

ஆனால் ஏரி உண்மையிலேயே அங்கே இருந்தது. சனிக்கிழமை விடிகாலையில் நானும் இன்னொருவனும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கரைக்கு நடந்தோம். சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், தை மாதத்துப் பனி தண்ணீரின்மேல் ஒரு முழ உயரத்துக்கு மட்டும் நகராமல் நின்றது. அதற்குமேல் காற்று தெளிவாக இருந்ததால் எதிர்க்கரை மரங்கள் வேரில்லாமல் நிற்பதுபோல் தெரிந்தன. படகுத்துறை இன்னும் திறக்கவில்லை. சங்கிலியில் கட்டியிருந்த அன்னப்பறவை வடிவப் படகுகள் ஒன்றோடொன்று மெல்ல இடித்துக்கொள்ளும் சத்தத்தைத் தவிர வேறு ஓசை இல்லை. இது மனிதர் வெட்டிய ஏரி என்பது அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை. பத்து மணிக்கு மேல் சென்னைக்காரர்களும் பெங்களூருக்காரர்களும் வந்து குவிந்த பிறகு அதே இடத்தில் பஜ்ஜிக் கடையில் வரிசை நின்றது.

சமையலுக்கு மலையில் உள்ள பதினான்கு சிற்றூர்களில் ஒன்றிலிருந்து ஓர் அக்கா வந்தார். இரண்டு நாளுக்கு 3,000 ரூபாய் என்று பேச்சு. முதல் இரவு கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும், மறுநாள் சாமைச்சோறும் செய்துகொடுத்தார். களியைக் கிண்டும்போது அவர் பானையை இரண்டு பாதங்களுக்கும் நடுவே நிறுத்தி, துடுப்பைத் தோளின் வலுவோடு சுழற்றிய விதத்தைப் பார்த்துவிட்டு, உடற்பயிற்சிக்கூடத்துக்கு மாதந்தோறும் பணம் கட்டும் நண்பன் தானும் ஒருமுறை முயன்றான். நான்காவது சுற்றில் துடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது கணக்குப்பிள்ளை 3,000 ரூபாயை எண்ணி நீட்டினான். அக்கா வாங்கவில்லை. "காலையிலேயே ஒரு அண்ணன் குடுத்துட்டாருங்க. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு" என்றார். மற்ற ஏழு பேரையும் வரிசையாக நிறுத்திக் கேட்டான், ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. உண்மையாகவே அவன் கலங்கிப்போனான். கொடுத்தவன் யார் என்று தெரிந்தால்தானே அந்தத் தொகையை எட்டால் வகுத்து, அவனுக்கு ஏழு பங்கைத் திருப்பமுடியும்? பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்து நோட்டைத் திறந்து, சமையல் கூலி என்ற வரிக்கு நேரே "நள்ளி, 3,000" என்று எழுதினான்.

இறங்கும்போது வளைவுகள் தலைகீழாக வருகின்றன. பேகனைத் தாண்டி நள்ளியின் பலகை வந்ததும் வண்டியை மெதுவாகப் போகச் சொல்லிவிட்டு, எங்கள் நான்கு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாரும் பள்ளத்தாக்கில் ஏதோ அதிசயம் இருப்பதுபோல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம். திங்கட்கிழமை காலையில் ஆளுக்கு 640 ரூபாய் கைப்பேசிக்குத் திரும்பி வந்தது; அந்த 3,000 பொதுப்பணத்திலிருந்து போயிருந்தால் 265 ரூபாய்தான் வந்திருக்கும் என்று கூடவே ஒரு செய்தியும், நோட்டின் படமும் வந்தன. பக்கம் முழுவதும் நீலப் பேனா. நள்ளியின் வரி மட்டும் பென்சிலில் இருந்தது.