நற்சான்றிதழ் உதவாது: ஏடிஎச்டி உள்ள பிள்ளையோடு வெளிநாடு வெளிக்கிடுகிறவர்களுக்கு

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து விலக்கும்போது அதிபர் மனமிரங்கி ஒரு நற்சான்றிதழ் எழுதித் தருவார்: 'அடக்கமானவர், ஒழுக்கமானவர், கற்றலில் ஆர்வமுள்ளவர்.' ஏடிஎச்டி, அதாவது அவதானக் குறைபாடும் துடியாட்டமும், உள்ள பிள்ளைக்கு முதல் இடைஞ்சல் இந்தக் கடதாசிதான். லண்டனிலோ ரொறன்ரோவிலோ அதை வாசிக்கிறவர், ஊரில் பிள்ளைக்கு ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை என்றுதான் விளங்கிக்கொள்வார். பிறகு பிள்ளை கதிரையில் இராமல் எழும்பித் திரிந்தால், 'இங்கிலீஷ் பிடிபடவில்லை, கொஞ்ச நாள் போகட்டும்' என்பார்கள். அந்தக் கொஞ்ச நாள் சிலவேளை வருசக் கணக்காக இழுபடும்.

ஆகவே வேலை ஊரிலேயே தொடங்குகிறது. ஏடிஎச்டி என்று சொல்வதற்கு அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளிக்கூடம் என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். தாய்மொழியில் நடந்த பாடத்திலும் அவதானம் நிற்கவில்லை என்பதற்கு எழுத்தில் சாட்சி இருந்தால், மொழியைக் காட்டித் தள்ளிப்போட முடியாது.

வகுப்பு ரீச்சரிடம் கேட்கவேண்டியது கணக்குத்தான். 40 நிமிசப் பாடத்தில் எத்தனை நிமிசம் கதிரையில் இருக்கிறான்? கரும்பலகையில் உள்ளதைப் பாதியில் விடுகிறானா? வாயால் கேட்டால் சரியாகச் சொல்லி, எழுதச் சொன்னால் விடுகிறானா? கிழமையில் எத்தனை நாள் கொப்பி, பென்சிலைத் தொலைக்கிறான்? என்ன செய்தபோது சரிவந்தது: முன்வரிசையில் இருத்தியதா, இருபது கணக்கை ஐந்தைந்தாகப் பிரித்துக் கொடுத்ததா? கடைசிக் கேள்விக்கான பதில்தான் புதுப் பள்ளிக்கூடத்துக்கு அதிகம் பிரயோசனம். திகதியும் முத்திரையும் இருக்கட்டும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுங்கள். பழைய தமிழ்க் கொப்பிகள் மூன்று நாலையும் பெட்டிக்குள் வையுங்கள். பாதியில் நின்றுபோன வரிகளைப் பார்க்கத் தமிழ் தெரிய வேண்டியதில்லை.

வன்னி என்றதும் இன்னொரு பிழையும் நடக்கிறது: எல்லாவற்றையும் யுத்தப் பாதிப்பு என்று எழுதிவிடுவார்கள். யுத்தம் 2009 மேயில் முடிந்தது. 2015இல் பிறந்த பிள்ளை பங்கர் கண்டதில்லை. தாய் தகப்பனின் காயம் வீட்டுக்குள் இருக்கும், அதை மறைக்கவும் வேண்டாம். ஆனால் அது வேறு, பிள்ளையின் அவதானக் குறைபாடு வேறு என்று வைத்தியரின் கடிதத்தில் தனித்தனியாக வரவேண்டும்.

கிளினிக் கொப்பியில் இருக்கும் இரண்டு வரிக் கிறுக்கல் போதாது. எப்போது கண்டறிந்தது, எந்த அளவுகோலில், என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், பசியும் நித்திரையும் எப்படி என்று கடிதம் கேளுங்கள். கண், காது சோதனை முடிவுகளையும் சேருங்கள். கிளினிக் நாள் தவறினால் அடுத்ததுக்குக் காத்திருக்க வேண்டும், ஆகவே மூன்று மாதம் முன்பே கேட்பது நல்லது.

அங்கே அரசாங்கப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் விலாசத்தோடு ஒட்டியது. லண்டன் ஹரோவிலோ ரொறன்ரோ ஸ்காபரோவிலோ மாமா வீட்டில் இறங்கி, அந்த விலாசத்தில் சேர்த்து, மூன்று மாதத்தில் வீடு மாறிப் பள்ளிக்கூடமும் மாற்றினால், பிள்ளை இரண்டு தரம் புதுசாகத் தொடங்க வேண்டும். மாமா வீட்டிலிருந்தபடியே பள்ளிக்கூடத்தைப் பார்த்து, அதன் எல்லைக்குள் வீடு எடுத்துவிட்டுச் சேர்ப்பதே புத்தி. ஊரில் எந்தத் தரம் படித்தாலும் அங்கே வகுப்பு வயதுக்குத்தான். இங்கிலாந்தில் ஓகஸ்ட் கடைசியில் பிறந்தவர் வகுப்பில் ஆகச் சின்னவர். துடியாட்டம் இன்னும் எடுத்துத் தெரியும்.

பரீட்சை முடிவுப் பட்டியலில் முதலாவதாக நிற்கும் பள்ளிக்கூடத்தைத்தான் எங்கட சனம் தேடும். அதைவிட, இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்கள் இணையத்தில் போடும் நடத்தை விதிகளை வாசியுங்கள். பேனை மறந்தால் டிடென்ஷன் (மறித்து வைக்கும் தண்டனை), திரும்பிப் பார்த்தால் டிடென்ஷன் என்று இருந்தால் அந்த இடம் வேண்டாம். மறதிதான் இந்தப் பிள்ளையின் குறைபாடு, அதற்கே தினம் தண்டனை விழும். நேரில் போனால் அதிபரைவிட, சென்கோ என்கிற விசேட தேவை இணைப்பாளரைச் சந்திக்கக் கேளுங்கள். இடைவேளையைப் பறித்துத் தண்டிக்கிறீர்களா? பாடத்துக்கு நடுவில் எழும்பி நடக்க விடுவீர்களா? வீட்டுக்கு எப்படி அறிவிப்பீர்கள்? 'எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரித்தான்' என்று பதில் வந்தால் அடுத்த பள்ளிக்கூடத்தைப் பாருங்கள்.

இங்கிலாந்தில் பள்ளிக்கூட மட்ட உதவிக்கு வைத்திய முடிவு கட்டாயமில்லை. அது போதாவிட்டால் ஈ.எச்.சி. பிளான் என்கிற கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்துக்கு உள்ளூராட்சி சபையிடம் பெற்றோரே கேட்கலாம். மதிப்பீடு செய்வதா இல்லையா என்று 6 கிழமைக்குள் சொல்ல வேண்டும், முழு வேலையும் 20 கிழமைக்குள் முடிய வேண்டும். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில், விசேட தேவை வகைகளில் ஏடிஎச்டிக்கென்று தனிப் பிரிவு இல்லை, அதைச் சொல்லித் திருப்பி அனுப்பினால் போகாதீர்கள்: விசேட தேவையை அடையாளம் காணும் ஐ.பி.ஆர்.சி. குழு கூடாமலே, ஐ.ஈ.பி. என்கிற தனியாள் கல்வித் திட்டத்தை எழுதலாம். குழு வேண்டுமென்று அதிபருக்கு எழுதினால் 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வரவேண்டும். அங்கே தடுப்பூசிப் பதிவும் கேட்பார்கள். 2010இலும் பிறகும் பிறந்த பிள்ளைக்குக் கொப்பளிப்பான் ஊசி தேவை. அது எங்கட அரசாங்க ஊசி அட்டவணையில் இல்லை.

ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் மெதைல்பெனிடேற் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. கைப்பையில், மருந்துப் பெட்டியோடு, வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தோடு கொண்டுபோங்கள். மருந்தின் பொதுப்பெயர், அளவு, மொத்தக் குளிசை எண்ணிக்கை, பயணத் திகதி அதில் இருக்கட்டும். பிரித்தானியாவுக்கு 3 மாத அளவோ அதற்கு மேலோ என்றால் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். போய் இறங்கியதும் குடும்ப வைத்தியரிடம் பதியுங்கள். அவர் பெரும்பாலும் தானாக எழுதித் தரமாட்டார், நிபுணரிடம் அனுப்புவார், வரிசை நீளம்.

கூட்டங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். பிள்ளையையோ அக்காவையோ மொழிபெயர்க்க விடாதீர்கள். எங்கட ஆக்கள் 'ஓம், ஓம்' என்று தலையாட்டிக் கையெழுத்து வைத்துவிட்டு வருவார்கள். தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்துவிட்டு வைக்கலாம். கூட்டம் முடிந்த அன்றிரவே, என்ன பேசினோம், என்ன ஒத்துக்கொண்டார்கள் என்று நாலு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்.