எழுகடல் தெருவில் காஞ்சனமாலை

மதுரை மீனாட்சியம்மன் கோயில் கம்பத்தடி மண்டபத்தில் உள்ள திருக்கல்யாணச் சிற்பத்தை வரைந்து பார்க்காத ஓவியர் இந்த ஊரில் அரிது. தாரை வார்க்கும் திருமாலையும், நாணி நிற்கும் அம்மையையும், கைத்தலம் பற்றும் சொக்கநாதரையும் நானும் பலமுறை பென்சிலால் பயின்றிருக்கிறேன். அந்த மூவரிடையே பெண்ணைப் பெற்றவளுக்கு இடமில்லை என்பது, அப்பா காலமான பிறகு அம்மாவோடு தரிசனத்துக்குச் சென்ற அன்று மனத்தை உறுத்தியது.

அதனால் கிழக்கு வாசல் வழியே வெளியேறி, புதுமண்டபத்தைக் கடந்து, எழுகடல் தெருவில் மீனாட்சியைப் பெற்ற காஞ்சனமாலை அம்மனின் கோயிலுக்குச் சென்றோம். பெரிய கோயிலுக்கு வரும் கூட்டம் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. ஏழு கடல்களும் வந்து நிறைந்ததாகச் சொல்லப்படும் குளம் தூர்ந்து, அவ்விடத்தில் கடைகள் எழும்பிவிட்டன.

பரஞ்சோதி முனிவர் பாடிய 64 திருவிளையாடல்களில் 9ஆவதும் 10ஆவதும் இந்தத் தாய்க்காக நிகழ்ந்தவை. மலயத்துவச பாண்டியன் மறைந்தபின் காஞ்சனமாலைக்குக் கடலாட வேண்டும் என்று ஆசை பிறக்கிறது. அதை மகள் தடாதகை, அதாவது மீனாட்சி, தன் நாயகனான சொக்கநாதரிடம் சொல்ல, அவர் ஏழு கடல்களையும் மதுரைக்கே வரவழைக்கிறார்; அவை தத்தம் நிறத்தோடு வந்து கலந்தன என்பார்கள். ஆனால் கணவன் கையையோ, மகன் கையையோ, கன்றின் வாலையோ பற்றித்தான் நீராட வேண்டும் என்று விதி குறுக்கே நிற்கிறது. எண்திசையும் வென்று கயிலை வரை படை நடத்திய மகளின் கை அந்தக் கணக்கில் வரவில்லை என்பதை இன்றும் என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. இறைவன் மலயத்துவசனையே விண்ணிலிருந்து அழைத்து வந்தார். அவன் கைபற்றி மூழ்கி எழுந்தவள் அவனோடு சிவலோகம் சேர்ந்தாள். வாளெடுத்தவளின் வலிமையை ஊரே பாடுகிறது. கணவனை இழந்தபின்னும் எனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டவளின் வலிமை அதற்குக் குறைந்ததன்று.

சந்நிதியில் குங்குமம் தந்தார்கள். அப்பா போனதிலிருந்து தட்டு வரும்போது ஓரடி பின்வாங்கி நிற்பதே அம்மாவின் வழக்கம். இங்கே தயங்காமல் கைநீட்டி வாங்கினார். இட்டுக்கொள்ளலாமா என்று என்னைப் பார்க்கவும் இல்லை, மோதிர விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். நான் திருநீற்றைத் தேடுவதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்பா நோயில் கிடந்த நாள் முதல் தொடாதிருந்த வண்ணங்களை அந்த வாரமே எடுத்தேன். நீருக்கு ஏழு நிறங்கள் அமைவது கடினமாக இல்லை; காஞ்சனமாலை பற்றும் கை யாருடையது என்பதில்தான் தூரிகை நின்றது. புராணத்தை மாற்ற எனக்கு உரிமையில்லை என்பதால் ஒரு கையை மலயத்துவசனுக்குக் கொடுத்து, கரையிலிருந்து தடாதகை நீட்டும் கைக்கு மறு கையைக் கொடுத்தேன். கோட்டுருவத்தைக் கண்ட அம்மா, “எல்லாம் சரிதான், அந்தக் கன்னுக்குட்டியை ஏன் விட்டுட்டே? அதையும் கரையில நிக்க வையி” என்றார்.